ஜான் குவின்ஸி ஆடம்ஸ்
ஜனாதிபதி பதவியை இழந்தவர் சாதாரண அங்கத்தினராகச் சபைக்குத் திரும்புவது மானக்குறைவென்று கருதுவோர் பலர். அமெரிக்காவின் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் அவ்வாறு கருதினாரில்லை. 1803ல் அவர் செனெட் அங்கத்தினரானார். தம் கட்சியை மீறி, ஜனாதிபதி ஜெபர்ஸனின் வர்த்தகத் தடையை ஆதரித்தமையால் 1808ல் அந்த ஸ்தானத்தைத் துறக்க நேர்ந்தது. 1824 தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாமற்போகவே, பிரதிநிதி சபையே அவரை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. 1828ல் ஆண்ட்ரூ ஜாக்ஸனிடம் தோல்வியுற்றார்.

எனினும் 1830ல் மாஸச்சூஸெட்ஸ் வாக்காளர் அவரைப் பிரதிநிதி சபைக்கு அனுப்பினர். அவர் ஆயுள் உள்ளளவும் கைவிட்டாரில்லை. அடிமை முறையை ஒழிக்கக் கோரும் ஜனங்களின் மனுக்களைக் கவனிக்கலாகாதென்று 1836ல் சபை தடை விதித்தது. அதை எதிர்த்து எட்டாண்டுகள் முன்னின்று போராடி, 1844ல் நீக்குவித்தார். 1848 பிப்ரவரியில் சபையிலேயே மயங்கி வீழ்ந்து, இரண்டு நாளில் அக்கட்டடத்திலேயே உயிர் நீத்தார். ஜனாதிபதியாக ஆண்ட நான்காண்டினும், அங்கத்தினராக உழைத்த 17 ஆண்டுகளே அவர் புகழை நிலைநாட்டின.