அலன் டியூரிங்: கூடு மாறும் உயிரைத் தேடிய கணிதர்

கூடுவிட்டுக் கூடு பாய்தல் நமக்குப் புதிய செய்தியன்று. கயிலையிலிருந்து வந்த யோகியார் ஒருவர், சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்னும் ஆயனின் உடலிற் புகுந்து, அவனைச் சூழ்ந்து கதறிய பசுக்களின் துயர் தீர்த்தார் எனப் பெரியபுராணம் பேசுகிறது. மூலனின் மனைவி வந்து அழைத்தபோது அவர் உடன் செல்ல இசையவில்லை. உடல் மூலனுடையது, உள்ளே இருந்தவர் வேறொருவர். மனித மனத்தை உடலினின்றும் பெயர்த்து யந்திரத்தில் ஏற்றலாம் என அறிவியலார் சிலர் கூறும் இக்காலத்தில் அவ்வினா மீண்டும் எழுகின்றது. அவ்வாறு ஏற்றப்பட்டவர் அவர்தாமா, அன்றி வேறொருவரா? இளமையிலேயே இதனோடு போராடிய ஒருவரின் வரலாற்றை இங்கு சொல்ல விழைகிறேன். அவர், கணனி அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆங்கிலேயக் கணிதர் அலன் டியூரிங்.

1912ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள் அவர் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் யூலியஸ், சென்னை மாகாணத்தில் இந்திய சிவில் சேவை உத்தியோகத்தர். தாயார் எதல் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியியலாளர் ஒருவரின் மகள். பெற்றோர் உத்தியோகத்தின் பொருட்டு இந்தியாவில் இருந்தமையால், அலனும் அவர் தமையனாரும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற படையதிகாரி ஒருவரின் இல்லத்தில் வளர்ந்தனர்.

1926ஆம் ஆண்டு சேர்போன் பள்ளியிற் சேர்ந்த டியூரிங், பிற பாடங்களில் நாட்டம் குன்றி, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தம் மனம் போன வழியே சென்றார். தனிமையில் இருந்த அவருக்கு, ஓராண்டு மூத்த கிறித்தோபர் மோர்கம் என்னும் மாணவர் உற்ற துணையாயினார். வானியலும் இரசாயனமும் இருவரையும் பிணைத்தன. 1929ஆம் ஆண்டு டிசெம்பரில் இருவரும் கேம்பிரிட்ஜ் புலமைப்பரிசிற் பரீட்சைக்குச் சென்றனர். கிறித்தோபர் பரிசில் பெற்றார். ஆனால் 1930 பெப்ரவரி 13ஆம் நாள், சிறுவயதில் அருந்திய பசுப்பாலின் வழியே தொற்றியிருந்த சயரோகம் அவர் உயிரைக் கவர்ந்தது. டியூரிங்கிற்கு அப்போது 17 வயது.

கிறித்தோபரின் தாயாருக்கு அவர் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். அவ்வில்லத்திற்குச் சென்று தங்கவும் செய்தார். 1932ஆம் ஆண்டளவில் அவ்வம்மையாருக்கென உயிரின் இயல்பு பற்றி ஒரு சிறு கட்டுரை வரைந்தார். அணுக்களின் நடத்தை முற்றிலும் முன்னரே விதிக்கப்பட்டதன்று என அக்காலப் புதுப் பௌதிகம் காட்டியிருந்தது. ஆகவே மனத்தின் துணிபு மூளையிலுள்ள அணுக்களை இயக்கக்கூடும். உடல், உயிரைப் பற்றி வைத்திருக்கும் ஒரு பொறி. அது அழியுமிடத்து உயிர் விரைவிலோ பின்னரோ வேறோர் உடலைக் கண்டடையும். இதுவே அக்கட்டுரையின் சாரம். நண்பர் எங்கே சென்றார் என அறிய விரும்பிய இளைஞர், தாம் கற்ற பௌதிகத்திடம் விடை கேட்டார். அன்பானவரை இழந்த எவரும் தமக்குத் தெரிந்த இடத்தில் இதனைக் கேட்டே இருப்பர்; நானும் கேட்டிருக்கிறேன்.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் பயின்று, 1935ஆம் ஆண்டு 22 வயதிலேயே அங்கு ஆய்வறிஞராகத் தெரிவுசெய்யப்பட்டார். மறு ஆண்டு எழுதிய ஆய்வுரை அவர் புகழை நிலைநாட்டியது. கணக்குச் செய்யும் ஒருவர், தாளிற் காணும் குறிகளையும் அவ்வேளை தம் மனம் இருக்கும் நிலையையும் கொண்டே அடுத்த செயலைச் செய்கிறார் என டியூரிங் கண்டார். அவர் வேலையை இடையில் நிறுத்தி யாவற்றையும் மறந்துவிடலாம். அடுத்துச் செய்யவேண்டியதைக் குறித்து வைத்திருந்தால், திரும்பி வந்து தொடரலாம். மன நிலையின் இடத்தில் அக்குறிப்பே போதும். இவ்வடிப்படையில், நாடாவில் எழுதப்பட்ட குறிகளைப் படித்து இயங்கும் கற்பனைப் பொறியொன்றை அவர் வகுத்தார். எந்தப் பொறியின் விவரணத்தை எழுதிக் கொடுத்தாலும் அப்பொறியைப் போலவே நடந்து காட்டும் பொதுப்பொறி ஒன்றும் அமையலாமென நிறுவினார். ஒரே கணனி பலவேறு செய்நிரல்களை ஏற்று இயங்குவதன் மூலவேர் இதுவே.

மனமும் இவ்வாறு எழுதத்தக்க விவரணமாயின், அது மூளையிலிருந்து பொறிக்குப் பெயரலாம் அன்றோ? மனத்தை யந்திரத்தில் ஏற்றலாம் என்போரின் நம்பிக்கை இங்கேதான் தங்கியுள்ளது. ஆனால் கூடு பாய்ந்த யோகியார் ஓர் உடலை விட்டே மற்றோர் உடலிற் புகுந்தார். எழுதப்பட்ட குறிப்போ படியெடுக்கப்படுவது. ஒரு பொறியில் ஏற்றப்படுவது இரண்டிலும் ஏற்றப்படலாம்; மூலவரும் உயிரோடு இருக்கலாம். அப்போது பெயர் சொல்லி அழைத்தால் மூவர் திரும்பிப் பார்ப்பர். மூவருக்கும் ஒரே இளமைக்கால நினைவு. தாயார் எவரைத் தம் மகன் என்பார்? நினைவின் ஒப்புமை மட்டுமே ஒருவரை அவராக்கிவிடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போரில், பிளெட்ச்லி பார்க்கில் செருமானியரின் எனிக்மா இரகசியக் குறியீட்டை உடைப்பதில் டியூரிங் ஆற்றிய பெரும் பணி பல்லாண்டுகளின் பின்னரே உலகறிந்தது. 1948ஆம் ஆண்டு அவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். மறு ஆண்டு, மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜெபர்சன், உணர்ச்சியால் உந்தப்பட்டுக் கவிதை இயற்றவும், இயற்றியதைத் தானே அறியவும் வல்லதானாலன்றிப் பொறியை மூளைக்கு நிகரெனக் கொள்ளோம் என மறுத்துரைத்தார். 1950ஆம் ஆண்டு மைண்ட் என்னும் சஞ்சிகையில் டியூரிங் விடையளித்தார். பொறிக்கு உணர்வு உண்டென உறுதியாக அறிய அப்பொறியாகவே இருந்து பார்க்கவேண்டும். அயலவர் திறத்திலும் அதுவே நிலை. ஆயினும் அவரும் எண்ணுகிறார் என மரியாதையாகக் கொள்கிறோம். பொறிக்கு ஆன்மா இல்லை என்பார்க்கு, சமயவாதங்களைத் தாம் பெரிதும் மதியாதவராயினும், பிள்ளைகளைப் பெறுதல் போலவே பொறிகளை ஆக்குதலும் இறைவன் படைக்கும் ஆன்மாக்களுக்கு உறைவிடம் அமைப்பதாகலாம் என மறுமொழி கூறினார். நண்பரின் தாயாருக்கு எழுதிய கட்டுரையின் சாயலை நான் இங்கே காண்கிறேன்.

நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். எதிரில் இருப்பதற்கு உணர்வு உண்டா என்பது ஒரு வினா. அது நாம் அறிந்த இன்னார்தாமா என்பது மற்றொன்று. டியூரிங்கின் விடை முன்னதற்கே பொருந்தும்.

1952ஆம் ஆண்டு, அக்கால ஆங்கிலச் சட்டம் குற்றமெனக் கொண்ட ஓரினக் காதலுக்காக அவர் நீதிமன்றில் நிறுத்தப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஓராண்டுக்கு ஓமோன் மருந்தேற்ற உடன்பட்டார். 1954 யூன் 7ஆம் நாள் சயனைட்டு நஞ்சினால் 41 வயதில் மறைந்தார். மரண விசாரணை அதனைத் தற்கொலை என்றது. தாயார் விபத்தென்றே நம்பினார். 1959ஆம் ஆண்டு அவ்வம்மையார் மகனின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 2013ஆம் ஆண்டு டியூரிங்கிற்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது; 2021ஆம் ஆண்டு 50 பவுண் நாணயத்தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது.

302 நரம்புக் கலங்களே உடைய சிறு புழுவொன்றின் நரம்பிணைப்புகள் 1986ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. ஏறத்தாழ 140,000 கலங்கள் கொண்ட பழ ஈயின் மூளை வரைபடம் 2024ஆம் ஆண்டு முழுமையுற்றது. மனித மூளையிலோ ஏறக்குறைய 8,600 கோடிக் கலங்கள் உள்ளன. இதுவரை எந்த மனித மனமும் பொறிக்குப் பெயர்க்கப்படவில்லை. அந்நாள் வருமாயின், அங்கு விழித்தெழுந்து பேசுபவரை உணர்வுடையவரென மதித்தல் நம் கடன். அதனை டியூரிங்கிடம் கற்றோம். ஆனால் மறைந்தவரே மீண்டார் எனக் கூறி இழப்பை மறைத்துக்கொள்ளல் தகாது. புதியவர் ஒருவர் வந்துள்ளார் என வரவேற்போம். அது வந்தவருக்கும் நல்லது, போனவருக்கும் நாம் செய்யும் நேர்மை.