பிறருக்கென வந்த பயணம்

ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாளைக் கொண்டாடுகிறோம். கோவாவுக்குச் சென்று அவரது திருவுடல் வைக்கப்பட்டுள்ள பேழையின் முன் செபித்தவர்களும் நம்மில் உண்டு. ஆயினும் இந்தியாவுக்கென முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரல்லர் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

1506-இல் நவார் நாட்டில், சவேரியார் கோட்டையில் பிறந்த இவர், பாரீஸ் பல்கலைக்கழகத்திற்குப் பட்டமும் பதவியும் நாடியே சென்றார். அங்கு உடன் தங்கிய புனித இஞ்ஞாசியார் அவர் மனத்தைத் திருப்பப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1537-இல் குருவானார். 1540-இல் உரோமையில் இஞ்ஞாசியாருக்குக் கடிதங்கள் எழுதித் தரும் செயலராகப் பணிபுரிந்து கொண்டிருந்தார்.

போர்த்துக்கல் அரசர் மூன்றாம் யோவான் இந்தியாவுக்குக் குருக்கள் வேண்டுமெனக் கேட்டிருந்தார். ரொட்ரீகஸ், பொபதில்லா என்ற இருவர் குறிக்கப்பட்டனர். புறப்படும் வேளையில் பொபதில்லா நோயுற்றார். அரசரின் தூதரோ காத்திருக்க இயலாதவர். தாமும் நோயுற்றுப் படுத்திருந்த இஞ்ஞாசியார், சவேரியாரை அழைத்து நிலைமையைச் சொன்னார். அவர் தயங்கவில்லை. கிழிந்த ஆடைகளைத் தைத்துக்கொண்டு மறுநாளே புறப்பட்டுவிட்டார். லிஸ்பனில் மன்னர் ரொட்ரீகஸைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள, முதலில் குறிக்கப்பட்ட இருவருமின்றியே 1541 ஏப்ரல் 7-ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. அன்று சவேரியாருக்கு 35 வயது நிறைந்தது.

பதின்மூன்று மாதப் பயணத்திற்குப்பின் 1542 மே 6-இல் கோவா சேர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தும், வேதம் கற்பிப்பார் இன்றி இருந்தனர். சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவர்களைச் சேர்த்துக் கற்பித்தார். தாம் போக முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கு அச்சிறுவர்களையே அனுப்பினார்.

அந்த முதல் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் "வேணும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்! நமக்குச் சிரிப்பு வரலாம். அவரோ பிழையை அறிந்ததும், 1544-இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதித் திருத்தச் சொன்னார். பயணத்திற்கு இசைய ஒரு நாள் போதுமானதாயிருந்தது. ஆனால் வந்த இடத்தில் ஒவ்வொரு சொல்லாகக் கற்றுத் திருத்த வேண்டியிருந்தது.

எல்லா முடிவையும் அவர் ஒரே நாளில் எடுத்துவிடவில்லை. 1545-இல் கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்ற கலக்கம் எழுந்தது. மயிலாப்பூரில் புனித தோமையாரின் கல்லறையருகே ஏறக்குறைய நான்கு மாதங்கள் தங்கிச் செபித்தார். உள்ளத்தில் தெளிவு பிறந்த பின்னரே மலாக்காவுக்குக் கப்பலேறினார். உரோமையில் காட்டிய விரைவைவிட மயிலாப்பூரில் காட்டிய இப்பொறுமையே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மலாக்காவில் 1547-இல் அஞ்சிரோ என்ற ஜப்பானியர் அவரைத் தேடி வந்தார். அவர் வழியே ஜப்பானுக்கு வழி திறந்தது. 1549-இல் சவேரியார் ககோஷிமாவில் இறங்கினார். உங்கள் வேதம் உண்மையானால் சீனர்களுக்கு அது தெரியாமற் போனதேன் என்று ஜப்பானியர் கேட்டனர். அக்கேள்வியைத் தடையாகக் கருதாமல், சீனாவுக்குச் செல்லும் அழைப்பாகவே அவர் ஏற்றார்.

இந்தக் கதவு திறக்கவில்லை. அவருடன் செல்லவிருந்த தூதுக்குழுவை மலாக்காவின் படைத்தலைவர் தடுத்துவிட்டார். சவேரியார் தனியே சீனக் கரைக்கெதிரே சான்சியன் தீவை அடைந்தார். இரகசியமாகக் கரைசேர்ப்பதாகக் கூறி மிளகை விலையாகப் பேசிய வணிகன் வரவேயில்லை. காய்ச்சல் கண்டு, 1552 டிசம்பர் 3-ஆம் நாள் விடியுமுன் உயிர்நீத்தார். வயது 46. அருகில் இருந்தவர் அந்தோனி என்ற சீன இளைஞர் ஒருவரே.

சவேரியார் இறந்ததை அறியாத இஞ்ஞாசியார், 1553 ஜூன் மாதத்தில், ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு அவருக்குக் கடிதம் எழுதினார். அன்று நோயினால் பின்தங்கிய பொபதில்லா நலம் பெற்று, ஐரோப்பாவிலேயே உழைத்து, 1590 வரை வாழ்ந்தார்.