கோயில் வாயிலும் நாளிதழ் வாயிலும்: பேராசிரியர் க. கைலாசபதி

டிசம்பர் 6 அண்ணல் அம்பேத்கர் மறைந்த நாள். இலஞ்சியிலும் தென்காசியைச் சுற்றியுள்ள சேரிகளிலும் அன்று அண்ணலின் படத்துக்கு மாலை சூட்டி, அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். 1982ஆம் ஆண்டு அதே நாளில், தமது 49ஆம் வயதில், இலங்கையில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் மறைந்தார். அவர் க. கைலாசபதி. ஈழத்து இலக்கிய உலகம் அவரை நன்கறியும். தமிழகத்துத் தலித் மேடைகளில் அவர் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது. அது இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும் என்பதற்கான காரணங்களை இங்கு முன்வைக்கிறோம்.

இதழியல், தகவல் தொடர்பியல், பண்பாட்டு ஆய்வு என்பன இன்று பல்கலைக்கழகங்களில் தனித்தனித் துறைகள். கைலாசபதியின் காலத்துத் தமிழ்ச் சூழலில் அத்துறைகள் இன்று போல் வளர்ந்திருக்கவில்லை. ஆயினும் அவை எழுப்பும் அடிப்படை வினாக்களை அவர் தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பினார். எது அச்சேறத் தக்கது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? எவருடைய பேச்சு இலக்கியமாகிறது? சாதிச் சமூகத்தில் இவை வெறும் அழகியல் வினாக்கள் அல்ல. உரிமை பற்றிய வினாக்கள்.

அவர் 1933 ஏப்ரல் 5 அன்று மலேயாவின் கோலாலம்பூரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிலும், பின்னர்க் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பயின்றார். பேராதனையில் அமைந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முதன்மைப் பாடமாகக் கற்று 1957இல் முதல் வகுப்பில் தேறினார். அத்தகைய தேர்ச்சி பெற்றவர் நேரே விரிவுரையாளராவதே வழக்கம். அவரோ கொழும்பில் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் ‘தினகரன்’ நாளிதழில் சேர்ந்தார். 1959இல் அதன் ஆசிரியரானபோது அவருக்கு வயது 26.

‘தினகரன்’ உழைப்பாளரின் ஏடன்று. பெருமுதலாளிய நிறுவனத்தின் நாளிதழ். அந்த நாற்காலியில் அமர்ந்து இரண்டாண்டுக் காலம் அவர் செய்தது ஒரு வாயிலைத் திறக்கும் பணி. அதுவரை ஈழத்து வாசகர் தமிழகத்து வார இதழ்களின் கதைகளையே பெரிதும் படித்து வந்தனர். அவர் ஈழத்து எழுத்தாளருக்குப் பக்கங்களை ஒதுக்கினார். இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ அவ்வாறு தொடராக வெளிவந்தது. டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலிய ஒடுக்கப்பட்ட சாதிகளின் எழுத்தாளர்களைக் கொண்டிருந்த முற்போக்கு அணிக்கு அவ்வேடு களமாயிற்று. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையம் நடத்திக்கொண்டே எழுதிய ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுப்பு இலங்கையின் சாகித்திய விருதைப் பெற்றது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. வயலிலும் கள்ளுக் கொட்டிலிலும் புழங்கும் பேச்சு மொழியைக் கதையில் எழுதுவது தமிழ் மரபுக்கு இழுக்கு என்று பண்டிதர்கள் கொதித்தனர். அவ்வெழுத்தை ‘இழிசனர் இலக்கியம்’ என்றே இகழ்ந்தனர். 1960களின் தொடக்கத்தில் நடந்த இந்த மரபுப் போராட்டத்தில் கைலாசபதியும் அவருடைய நண்பர் கா. சிவத்தம்பியும் எழுத்தாளர் பக்கம் நின்றனர். கேள்வி இலக்கணம் பற்றியது போலத் தோன்றினாலும், அதன் உள்ளே இருந்தது சாதியே. மனிதரைத் தீண்டத்தகாதவர் என்றவர்கள் அவர்களது சொல்லையும் தீண்டத்தகாதது என்றனர்.

1961இல் அவர் பல்கலைக்கழக விரிவுரையாளரானார். 1963இல் முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் சென்றார். அங்கேதான் 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தை நிறுவினார். உழைக்கும் மக்களின் பண்பாட்டையும் ஊடகங்களையும் ஆராயும் துறைக்கு உலகளவில் அடித்தளமிட்ட மையம் அது. கைலாசபதி ஆய்ந்தது வேறொரு துறையில். கிரேக்கப் பேராசிரியரும் மார்க்சியருமான ஜார்ஜ் தாம்சனிடம். சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ் வீரப்பாடல்களோடு ஒப்பிட்டு, அவை பாணரின் வாய்மொழி மரபில் வேர்கொண்டவை என்று அவர் காட்டினார். அந்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. செவ்வியல் என்று போற்றப்படும் தமிழின் ஊற்று, பின்னாளில் சமூகம் தாழ்த்தி வைத்த பாணரின் வாயிலும் யாழிலும் இருந்தது என்பதை இந்நூலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். பறையின் ஒலியைச் சாவு வீட்டுக்கு உரியதாகச் சுருக்கிய சமூகத்தில் இந்த உண்மைக்கு அரசியல் எடை உண்டு.

எங்கள் வட்டாரத்தில் இலக்கியத் திறனாய்வு என்றவுடன் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வருவார். கவிதையைச் சுவைக்கக் கற்பித்தவர் அவர். கைலாசபதியின் வழி வேறு. சுவைப்பதோடு நிற்காமல், அப்பாடல் எந்தச் சமூகத்தில், எவர் நலனுக்காக எழுந்தது என்று அவர் கேட்டார். ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ நூலில் நாயன்மாரின் பக்தி இயக்கத்தையும் சோழப் பேரரசுக் காலத்துச் சைவ சித்தாந்தத்தையும் நிலவுடைமையோடு பொருத்தி ஆராய்ந்தார். கோபுரத்தின் நிழலில் வாழ்ந்தும் உள்ளே செல்ல மறுக்கப்பட்ட மக்களுக்கு அந்த ஆய்வுமுறை ஒரு கருவி.

அக்கருவிக்கான தேவை யாழ்ப்பாணத்தில் விரைவில் வந்தது. இந்தியாவில் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் இயற்றப்பட்டது. இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்தும் யாழ்ப்பாணத்தின் கோயில்களும் தேநீர்க் கடைகளும் திறக்கவில்லை. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைக் காவல்துறை தாக்கியது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தது. அங்கே ஒடுக்கப்பட்ட மக்களை மறித்து நின்றவர் சி. சுந்தரலிங்கம். ஆக்ஸ்போர்டில் பயின்றவர், கணிதப் பேராசிரியராக இருந்தவர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது.

கைலாசபதி இயக்கத்தின் பக்கம் நின்றார். அப்போராட்டத்திலிருந்து என்.கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ நாடகமும், 1972இல் டானியலின் ‘பஞ்சமர்’ நாவலும் பிறந்தன. ஒரே சமூகத்தின் இரு கல்விமான்களை இங்கு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பட்டம் ஒருவரைச் சாதியிலிருந்து விடுவிப்பதில்லை. பட்டம் தந்த அதிகாரத்தை வாயிலை மறிக்கப் பயன்படுத்துகிறாரா, திறக்கப் பயன்படுத்துகிறாரா என்பதே அளவுகோல்.

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவராக அவர் பொறுப்பேற்றார். வளாகம் அமைந்த ஊரின் பெயரும் திருநெல்வேலியே. பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலம் அது. அனைவருக்கும் வாக்குரிமை என்பதை எதிர்த்தவர் இராமநாதன். அவருடைய கல்லூரியின் இடத்தில் சாதி எதிர்ப்பாளர் ஒருவர் பல்கலைக்கழகத்தை வழிநடத்தினார். திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் கோரிய தமிழ்த் தேசியத் தரப்பு, அரசோடு இணங்கிச் செல்பவர் என்று அவரைச் சாடியது. 1977 வரை தலைமைப் பொறுப்பிலும், அதன்பின் பேராசிரியராகவும் அவர் பணியாற்றினார்.

அவரை விமர்சனமின்றி ஏற்க வேண்டியதில்லை. அவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் அல்லர். மார்க்சியராக அவர் சாதியை வர்க்கத்தின் ஊடாகவே பெரிதும் கண்டார். வர்க்கப் போராட்டம் முற்றும்போது சாதி உதிரும் என்ற இடதுசாரி நம்பிக்கை தமிழகத்திலும் ஈழத்திலும் பொய்த்ததை நாம் கண்டுவிட்டோம். அண்ணலின் ஆய்வை அவரது மரபு போதிய அளவு உள்வாங்கியிருந்தால் அதன் ஆழம் கூடியிருக்கும். அவர் திறந்த வாயிலின் வழியே வந்த டானியல் சாதியை நேரடியாகவே எழுதினார். தமிழில் தலித் இலக்கியம் என்ற பெயர் வழக்கில் ஊன்றுமுன்பே அதற்கு முன்னோடியானார். 1986இல் தஞ்சாவூரில் அவர் மறைந்தார். உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

வழக்கறிஞர்களாகிய நாம் ஒன்றை அன்றாடம் காண்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்கே போராட வேண்டியிருக்கிறது. பதிவானபின் அது செய்தியாவதற்கு இன்னொரு போராட்டம். கொலை ‘இரு தரப்பு மோதல்’ என்று அச்சாகிறது. ஊர்விலக்கம் அச்சாவதே இல்லை. கோயில் வாயிலைத் திறக்கச் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. பின்னர் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு வந்தது. செய்தி அறையின் வாயிலுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. அங்கே நாற்காலியில் அமர்பவர் யார் என்பதே சட்டமாகிறது.

26 வயதில் அந்த நாற்காலியில் அமர்ந்த ஒருவர் இரண்டே ஆண்டுகளில் ஓர் இலக்கியத் தலைமுறைக்கு இடம் தந்தார். இன்று எங்கள் மாவட்டத்துத் தலித் மாணவர்கள் இதழியல் படிக்கிறார்கள். இனி அடுத்தவர் வாயிலைத் திறக்கும்வரை அவர்கள் காத்திருக்கக் கூடாது. ஆசிரியர் நாற்காலியிலும் பேராசிரியர் நாற்காலியிலும் அவர்களே அமர வேண்டும். ஊடக நிறுவனங்களும் பல்கலைக்கழக இதழியல் துறைகளும் தம் பணியிடங்களில் எத்தனை பட்டியல் சாதியினர் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று கோருகிறோம்.