தீனபந்து அன்ட்ரூஸ்

தோலின் நிறத்தைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கத்தைப் பழித்துப் பேசியோர் உலகிற் பலர். அவ்வழக்கத்தாற் பயனடையும் கூட்டத்திலேயே பிறந்து, அதிலிருந்து வெளியேறி வந்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் சாள்ஸ் பிறியர் அன்ட்ரூஸ் என்னும் ஆங்கிலேயர்.

இவர் 1871ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி இங்கிலாந்திலுள்ள நியூகாசில் நகரிற் பிறந்தார். தந்தையார் ஒரு சமயகுரு. ஆங்கில ஆட்சி இந்தியாவுக்கு இறைவன் அளித்த அருட்கொடை என்று உறுதியாக நம்பியவர். மகனும் அந்நம்பிக்கையிலேயே வளர்ந்தார். கேம்பிறிட்ஜிற் கற்றுத் தேறி, குருப்பட்டம் பெற்று, இலண்டன் மாநகரின் ஏழை மக்களிடையே சில காலம் தொண்டாற்றிய பின், 1904ஆம் ஆண்டு டில்லியிலுள்ள சென்ற் ஸ்ரீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

அங்கேதான் அவருடைய பழைய எண்ணங்கள் ஆட்டங் கண்டன. அதற்குக் காரணமாயிருந்தது நூலுமன்று, சொற்பொழிவுமன்று, ஒரு நட்பு. சுசில் குமார் ருத்ரா என்னும் வங்காளி அக்கல்லூரியின் உப அதிபர். கல்வியிலும் பண்பிலும் தமக்கு எவ்வகையிலும் குறையாத அம்மனிதரோடு நாள்தோறும் பழகியபோது, ஆள்வோர் ஆளப்படுவோர் என்ற பேதம் அன்ட்ரூசின் உள்ளத்திலிருந்து சிறிது சிறிதாக உதிர்ந்தது. 1906ஆம் ஆண்டு அதிபர் பதவி வெற்றிடமாயிற்று. மேலிடத்தார் ஓர் ஆங்கிலேயரையே நாடினர். அன்ட்ரூசுக்கே அப்பதவி கிட்டியிருக்கும். அவரோ அதனை மறுத்து, ருத்ராவே அதிபராதல் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். அவ்வாறே நடந்தது. மிஷன் பாடசாலை மண்டபத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கும் பழைய அதிபர்களின் படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இச்செய்கையின் அருமை நன்கு விளங்குகிறது. ஓர் இந்தியரின் கீழே பணியாற்ற ஓர் ஆங்கிலேயர் தாமே விரும்புவதென்பது அந்நாளிற் கேள்விப்படாத சங்கதி.

தென்னாபிரிக்காவிலே நேட்டால் மாகாணத்தில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் அப்போது பெருந் துன்பத்துள் இருந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் நம் மொழி பேசும் தமிழ் மக்கள். ஒப்பந்தம் முடிந்த பின்னும் அங்கே தங்குவோர் ஆண்டுதோறும் மூன்று பவுண் தலைவரி கட்டவேண்டும். இதனை எதிர்த்து 1913ஆம் ஆண்டு காந்தியடிகள் தலைமையிற் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டிலே தொழிலாளர் சிலர் மாண்டனர். கோகலே அவர்கள் நிதி வேண்டியபோது அன்ட்ரூஸ் தம் கைப்பொருள் அனைத்தையும் கொடுத்தார். பின்னர் கோகலேயின் வேண்டுகோளின்படி, பியர்சன் என்னும் நண்பரோடு தாமே கப்பலேறினார்.

1914 ஜனவரித் தொடக்கத்திற் கப்பல் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. வரவேற்க வந்தோருட் காந்தியடிகள் எவரென்று அன்ட்ரூசுக்குத் தெரியவில்லை. இறந்த தொழிலாளருக்குத் துக்கம் காக்கும் வகையில் தலையை மழித்து, கூலிகள் அணியும் முரட்டுத் துணியை அணிந்து நின்ற மெலிந்த மனிதரைப் போலக் என்னும் அன்பர் சுட்டிக் காட்டினார். அன்ட்ரூஸ் உடனே குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டார்.

டேர்பன் வெள்ளையர் கொதித்தெழுந்தனர். தம் இனத்தவர் ஒருவர், அதுவும் ஒரு பாதிரியார், பலர் காண ஓர் ஆசியரின் காலைத் தொடுவதா என்று பத்திரிகைக்காரரும் பிறரும் சினந்தனர். அவர்களைக் கண்டு நாம் சிரித்தல் எளிது. நம் ஊர்க் கிணற்றடியில் யார் அள்ளலாம், யார் அள்ளலாகாது என்று வகுத்துவைத்த நம் முன்னோரும் அதே பாடத்தைத்தான் வேறு சுவடியிற் படித்தவர்கள். அன்ட்ரூஸ் தம் செயலுக்காகச் சிறிதும் வருந்தவில்லை. காந்தியடிகளுக்கும் ஸ்மட்ஸ் தளபதிக்குமிடையே உடன்பாடு ஏற்பட உழைத்தார். அவ்வேளையிலேதான் தாயார் இங்கிலாந்தில் இறந்த செய்தியும் வந்தது. அவ்வாண்டே தலைவரி ஒழிந்தது.

1915இல் பிஜித்தீவுக்குச் சென்றார். அங்கே கரும்புத் தோட்டங்களில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கிலே கூலிகள் ஏற்றுமதியாயினர். அதனால் விளைந்த கொலைகளையும் தற்கொலைகளையும் கூலி லயன்களிற் கேட்டறிந்து, பியர்சனோடு சேர்ந்து அறிக்கை எழுதினார். 1917இல் ஆட்சேர்ப்பு நின்றது. 1920 ஜனவரி முதலாந் திகதி பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

ஏழைகளின் உறவினன் எனப் பொருள்படும் தீனபந்து என்ற பெயரை இந்தியர் அவருக்குச் சூட்டினர். மகாகவி தாகூரின் சாந்திநிகேதனமே அவர்தம் இல்லமாயிற்று. கிறிஸ்துவின் அடியாராகவே இறுதிவரை வாழ்ந்தார். இந்துக்களை மதம் மாற்றுவதை அவர் தம் பணியாகக் கொள்ளவில்லை. 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி கல்கத்தாவிற் காலமானார். அவருடைய உடல் அந்நகரிலேயே, இந்திய மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது.