சிக்ஸர் வீரர் சி. கே. நாயுடு

அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்றோர் ஆட்டம் உண்டு. அடித்த பந்து வேலியைத் தாண்டி விழுமாயின் அதனை 'ஹோம் ரன்' என்பர். 1927ஆம் ஆண்டுப் பருவத்தில் பேப் ரூத் என்பார் 60 முறை அங்ஙனம் அடித்து மக்களை வியப்பில் ஆழ்த்தினார். நம் கிரிக்கெட்டில் அதற்கு ஒப்பானது சிக்ஸர். அக்கலையில் நம் நாட்டின் பெயரை முதன்முதல் உலகறியச் செய்தவர் கொட்டாரி கனகையா நாயுடு.

நாகபுரியில் குடியேறிய தெலுங்குக் குடும்பமொன்றில் 1895 அக்டோபர் 31ஆம் நாள் இவர் பிறந்தார். 1923இல் ஹோல்கர் மகாராஜா இவரை இந்தூருக்கு அழைத்துத் தம் படையில் பதவி அளித்தார்.

1926 டிசம்பர் முதல் நாள் பம்பாயில் எம்.சி.சி. அணியை இந்துக்கள் அணி எதிர்த்தது. முந்திய நாள் கை ஏர்ல் என்ற ஆங்கிலேயர் 8 சிக்ஸர் அடித்திருந்தார். நாயுடுவோ இரண்டு மணி நேரத்திற்கும் குறைந்த பொழுதில் 11 சிக்ஸர்களுடன் 153 ஓட்டங்கள் குவித்தார். செய்தி பரவப் பரவ மக்கள் மைதானத்தை நோக்கி விரைந்தனர். ஆள்வோருக்கு ஆளப்படுவோர் இளைத்தவர் அல்லர் என்பதை அன்று அவர் மட்டை உணர்த்திற்று.

அணித்தலைமை அரச குடும்பத்தாருக்கே உரியது என்றிருந்த காலம் அது. 1932இல் இங்கிலாந்து சென்ற அணிக்குப் போர்பந்தர் மகாராஜாவே தலைவர். ஆயினும் அவர் தம் ஆட்டத்திறனின் அளவறிந்து பெருந்தன்மையோடு விலகி நின்றார். ஆகவே, இந்தியாவின் முதல் டெஸ்ட் தலைவராக லார்ட்ஸ் மைதானத்தில் இறங்கும் பேறு நாயுடுவுக்கு வாய்த்தது. கையில் காயத்துடன் ஆடியும் முதல் இன்னிங்ஸில் நம்மவருள் மிகுதியாக 40 ஓட்டங்கள் எடுத்தவர் அவரே. அப்பயணத்தில் முதல்தர ஆட்டங்களில் மட்டும் அவர் அடித்த சிக்ஸர்கள் 32.

1936இல் தலைமை விஜயநகரத்து மகாராஜகுமாரரிடம் சென்றது. ஆட்டத்தில் அவரினும் மிக்கவரான நாயுடு, அவருக்குக் கீழ் ஆடினார். தம் கடைசி டெஸ்டில் பந்து உடலைத் தாக்கிய வலியையும் பொறுத்து 81 ஓட்டங்கள் எடுத்தார். பதவி போயிற்று, கடமை போகவில்லை.

பின்னர் ஹோல்கர் அணி நான்கு முறை ரஞ்சிக் கோப்பையை வென்றது. தம் 61ஆம் வயதிலும் அவர் ரஞ்சிப் போட்டியில் ஆடினார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1967 நவம்பர் 14இல் இந்தூரில் மறைந்தார்.

தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் சித்தூர்ப் பகுதியிலும் வளரும் நம் பிள்ளைகள் இவ்வரலாற்றை அறிதல் நலம். வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி என்ற வாழ்வு நமக்குப் புதிதன்று; நாயுடுவுக்கும் அவ்வாழ்வே வாய்த்தது. வந்த ஊரைத் தம் ஊராக்கி, பிறப்பால் வரும் பட்டத்தை நாடாது உழைப்பால் வரும் உயர்வையே அவர் நாடினார். தேயிலைச் சரிவின் நடுவே கிடைக்கும் சிறு திடலும் அவ்வுயர்வுக்குப் போதிய தொடக்கமாம்.