வற்றிய குருதிக்கு நீர் வார்த்தவர்

இந்தியாவில் தந்தியை அமைத்தவர் வில்லியம் ஓஷானெசி என்று வரலாற்றில் படிக்கிறோம். அவர் ஒரு மருத்துவர் என்பதையும், காலராவால் தடித்துப்போன இரத்தத்தை இளக்கி உயிர் காக்க வழி சொன்னவர் என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்த இவர், 1829ஆம் ஆண்டு எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1831இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தில் காலரா புகுந்தது. அந்நாளில் மருத்துவர் பலர் காலரா நோயாளியின் உடலிலிருந்து இரத்தத்தை வெளியேற்றியே சிகிச்சை செய்தனர். இளைஞரான ஓஷானெசி அங்கு விரைந்து சென்று, நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் நீரும் உப்பும் பெருமளவு குறைந்திருந்தன. இழந்ததைத் திருப்பித் தருவதே மருந்து என உணர்ந்த அவர், இரத்தக் குழாயில் உப்புநீரைச் செலுத்தலாம் என்று எழுதினார்.

1832 மே மாதம் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா அதைச் செய்தே பார்த்தார். நாடி அடங்கிய ஒரு மூதாட்டிக்கு அரை மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கும் மேலாக உப்புநீர் ஏற்றினார். குழிந்த கண்கள் ஒளி பெற்றன, நாடி திரும்பியது. மனநிறைவுடன் லாட்டா அவரை வேறொருவர் பொறுப்பில் விட்டுச் சென்றார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின; உப்புநீரோ மீண்டும் ஏற்றப்படவில்லை. சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார். பின்னர் திரும்பத் திரும்ப ஏற்றியதில் சிலர் பிழைத்தனர். ஆயினும் மருத்துவ உலகம் இம்முறையை விரைவில் மறந்தது.

ஓஷானெசி 1833இல் இந்தியா வந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். 1851இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குத் தந்திக் கம்பி அமைத்தார். 1889இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

அவர் ஊன்றிய வித்து வங்க மண்ணிலேயே மரமாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெனார்டு ரோஜர்ஸ் கல்கத்தாவில் உப்புநீர் ஏற்றிக் காலரா மரணங்களைப் பெரிதும் குறைத்தார். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ், உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தே எண்ணற்றோரைப் பிழைக்க வைத்தார்.

மருத்துவமனையில் சலைன் பாட்டில் தொங்கக் காணும்போது லீத் நகரத்து மூதாட்டியையும் நினைப்போம். நல்ல வழியைக் கண்டறிந்தால் மட்டும் போதாது; நோயாளியின் அருகிலிருந்து இறுதிவரை அதைத் தொடரவும் வேண்டும். நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் பணிபுரியப் போகும் நாம், இப்பாடத்தை இன்றே நெஞ்சில் பதித்துக்கொள்வோமாக!