கே.எஸ். ராஜா: லயத்து இஸ்தோப்பில் கேட்ட குரல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் எழுபதுகளில் வளர்ந்தவர்களிடம் கே.எஸ். ராஜா என்று சொல்லிப் பாருங்கள். முகத்தைப் பார்த்திராதவர்கள்கூட அந்தக் குரலின் வேகத்தை நினைவு வைத்திருப்பார்கள். மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போவார். ஆனால் ஒரு சொல்கூட மழுங்காது.

கனகரத்தினம் ஸ்ரீஸ்கந்தராஜா என்பது அவரது இயற்பெயர். வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையில் அறிவிப்பாளரானார். அதற்கு முன்பே எஸ்.பி. மயில்வாகனன் அந்தச் சேவையைக் கடல் கடந்து பிரபலமாக்கியிருந்தார். ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது என்று திறமைசாலிகள் நிறைந்திருந்த கலையகத்தில் ராஜா தனக்கென ஒரு பாணியை உருவாக்கினார்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது ‘திரை விருந்து’. புதுப்படம் ஒன்றை விளம்பரப்படுத்தும்போது கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டார். தானே ஒரு கேள்வி கேட்பார். படத்தின் வசனத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு வரி அதற்குப் பதிலாக வரும். சிவாஜியும் எம்.ஜி.ஆரும் அவருடன் நேரில் பேசுவதுபோல இருக்கும். ஒலிநாடாவை வெட்டி ஒட்டிய காலத்தில் அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்பதை இன்று கணினியில் ஒலித்தொகுப்புச் செய்பவர்கள் அறிவார்கள்.

படமாளிகைக்குப் போகக் காசோ நேரமோ இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு அந்த நிகழ்ச்சிதான் பாதிப் படம். லயத்தில் ஒரு வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தால் போதும். றப்பர் பால் வெட்டியவர்களும் கொழுந்து பறித்தவர்களும் வேலை முடிந்து அந்த வீட்டு இஸ்தோப்பில் கூடிவிடுவார்கள். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பங்கள் பிரிந்து கப்பல் ஏறிக்கொண்டிருந்ததும் அந்தக் காலத்தில்தான். எட்டியாந்தோட்டையிலோ பலாங்கொடையிலோ கேட்ட அதே குரலை, நீலகிரியில் குடியேறிய பிறகும் அவர்களால் கேட்க முடிந்தது. பிரிந்துபோன உறவுகள் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்தானும் தோட்டத்தானும் ஒருவரை ஒருவர் அதிகம் அறியாதிருந்த நாட்டில், இரு பக்கத்து வீடுகளுக்குள்ளும் ஒரே உரிமையோடு நுழைந்தது வானொலி. ராஜாவின் அன்பு வணக்கம் ஊர் பார்த்துச் சொல்லப்பட்டதல்ல.

ஆனால் அதே தோட்டங்களை வன்முறை விட்டுவைக்கவில்லை. 1977இல் தாக்கப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1981 மே, ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தைப் பகுதித் தோட்ட லயங்கள் எரிந்தன. மீண்டும் வடக்கே போனார்கள். பாதுகாப்பைத் தேடி வன்னிக்குப் போன அந்தக் குடும்பங்கள் பிறகு போரின் நடுவில் அகப்பட்ட கதையை இதை வாசிப்பவர்களில் பலர் சொந்த வாழ்க்கையாகவே அறிவார்கள்.

1983 ஜூலை ராஜாவையும் துரத்தியது. நாடெங்கும் தெரிந்த குரல், அரச வானொலியின் ஊழியர் என்பதெல்லாம் தமிழர் என்ற அடையாளத்துக்கு முன் எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. அவர் தமிழ்நாட்டுக்குச் சென்றார். இலங்கை வானொலி மூலம் அவரை ஏற்கெனவே அறிந்திருந்த ரசிகர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். ஆனாலும் அவர் அகதிதான். பின்னர் இலங்கைக்குத் திரும்பினார். அப்போது தமிழர் அரசியல் ஆயுதங்களின் கைக்குப் போயிருந்தது. யார் யாருடன் பேசினார், எந்த மேடையில் ஏறினார் என்பதே உயிருக்கு விலையான காலம் அது.

1994 ஓகஸ்டில் சந்திரிகா தலைமையில் புதிய அரசாங்கம் வந்தது. சமாதானப் பேச்சு என்ற நம்பிக்கை பரவியது. அடுத்த மாதமே, செப்டம்பரில், ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார். அவரது உடல் கடற்கரையில் கிடந்தது. கொன்றவர்கள் என்று ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பைச் சொன்னது. நீதிமன்றம் எவரையும் தண்டிக்கவில்லை.

ஒரு கலைஞனைக் கொல்வதற்கு அவன் எந்தப் பக்கம் என்பது காரணமாகிவிட்ட காலத்தில், அவனுக்காகப் பேசவும் ஆட்கள் பக்கம் பார்த்தார்கள். அதனால்தான் கொல்லப்பட்ட ஊடகவியலாளர்களை நாம் நினைவுகூரும்போது ராஜாவின் பெயர் பல இடங்களில் விடுபட்டுப் போகிறது. இது சரியல்ல. அவரது அரசியல் குறித்து எவருக்கும் விமர்சனம் இருக்கலாம். விசாரணை இல்லாத கொலைக்கு அது பதிலாகாது.

அவரது பழைய ஒலிப்பதிவுகள் இன்று கைபேசிகளில் சுற்றுகின்றன. இறக்குவானையில் பிறந்து கிளிநொச்சியில் பேரப்பிள்ளை கண்ட ஒருவர் அதைக் கேட்டால், எரிந்துபோன லயத்தின் இஸ்தோப்பு ஒரு கணம் திரும்பி வரும். அந்த லயத்தை எரித்தவர்களுக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அந்தக் கணக்கோடு ராஜாவின் கணக்கையும் சேர்த்துத்தான் நீதி கேட்க வேண்டும்.